நிலவை மறைக்கும் பென்சில்

போயா தினத்து மாலையில் புங்குடுதீவின் கிழக்குக் கரையில் நின்றால், கடலுக்கும் பனைகளுக்கும் மேலாக நிலவு எழுவதைப் பார்க்கலாம். உச்சி வானத்தில் நிற்கும் நிலவைவிட அது மிகவும் பெரிதாகத் தெரியும். அந்தக் காட்சியைக் கொப்பியில் கீறிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நிலவுக்குத் தாராளமாக இடம் கொடுப்பார்கள். பக்கத்துப் பனை ஒரு சாண் உயரம் என்றால் நிலவு இரண்டு விரல் அகலமாவது வரும். இனி அதே பென்சிலை எடுத்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலவுக்கு நேரே பிடியுங்கள். நிலவு முழுவதும் பென்சிலுக்குப் பின்னால் மறைந்துவிடும். நிலவு நம் கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ அரைப் பாகைதான். கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி அந்த அரைப் பாகையின் அகலம் 5 மில்லிமீற்றருக்குச் சற்றே மேல். சாதாரணப் பென்சிலின் அகலமோ 7 மில்லிமீற்றர் வரும். நூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் இருபது மீற்றர்ப் பனை அதே கைநீளத்தில் 12 சென்ரிமீற்றர் உயரம் காட்டும். அப்படியானால் படத்தில் பனையின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குகூட நிலவுக்குச் சேராது. நள்ளிரவில் நிலவு உச்சிக்கு வந்தபின் மறுபடியும் பென்சிலைப் பிடித்தாலும் அளவு மாறியிருக்காது. கண்டிப்பாகச் சொன்னால், அடிவானத்து நிலவுதான் ஒரு துளி சிறியது, ஏனென்றால் அப்போது அது நமக்குப் பூமியின் ஆரையளவு கூடுதல் தூரத்தில் இருக்கிறது.

இது நிலவோடு நிற்கும் மயக்கமல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிற் கோபுரம் கடலுக்கு அப்பால் கண்ணைப் பிடித்து நிறுத்தும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் அதுவே ஒரு சிறு புள்ளியாக ஒடுங்கிப் போகிறது. படம் கீறப் பழகும் ஒருவருடைய தாளிலோ எதிர்மாறாக அது ஊதிப் பெருக்கும். கமரா, கை, கண் என்று மூன்று சாட்சிகள் ஒரே கோபுரத்தைப் பற்றி மூன்று விதமாகச் சொல்கின்றன. படம் சரிவராதபோது நம்மவர்கள் கையைத்தான் குற்றவாளியாக்குவார்கள். "எனக்குக் கைவாக்கு இல்லை" என்பது பலர் சின்ன வயதிலேயே தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் போதாது என்பதும், பென்சிற் படம் திருந்த வேண்டுமானால் திருத்த வேண்டியது கையை அல்ல, கண்ணுக்குப் பின்னால் மூளை செய்கிற கணிப்பை ஒதுக்கிவைக்கும் முறையை என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

கையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்த ஆய்வு ஒன்று 1997 இல் வெளிவந்தது. டேல் கோஹன், சூசன் பெனற் என்ற இரு உளவியலாளர்கள், பார்த்துக் கீறும் படத்தில் பிழை நுழையக்கூடிய வாசல்கள் நான்கு என்று பிரித்தார்கள்: பொருளைப் பார்ப்பதில், எதைக் கீறுவது எதை விடுவது என்று தீர்மானிப்பதில், கையை அசைப்பதில், கீறிய படத்தைத் திரும்பப் பார்ப்பதில். பிறகு ஒவ்வொரு வாசலாகச் சோதித்தார்கள். கையின் திறமையைச் சோதிக்க வழி எளிது. படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து அதன் கோடுகளின் மேலேயே கீறச் சொல்ல வேண்டும். பார்த்துக் கீறத் தெரியாதவர்களும் ஒற்றிக் கீறுவதை நன்றாகவே செய்கிறார்கள். கோடு இழுக்கும் தசையும் விரலும் பழுதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக் கொண்டுவந்து, பிழையின் பெரும்பங்கு முதல் வாசலில், அதாவது பொருளைப் பார்ப்பதிலேயே நுழைகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தம் கையெழுத்தை ஒழுங்காக எழுதுகிற எவருக்கும் படம் கீறத் தேவையான கை ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தின் வளைவுகளை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் போடுவது அவ்வளவு சாதாரண வேலையல்ல.

பார்ப்பதில் என்ன பிழை வரமுடியும்? கண்ணின் விழித்திரையில் விழுவது ஒரு தட்டையான பிம்பம். தாம்போதியில் இரண்டு மீற்றர் தள்ளி நிற்கும் ஒருவர் நான்கு மீற்றருக்கு நகர்ந்தால் அந்தப் பிம்பத்தில் அவர் உயரம் பாதியாகிவிடும். ஆனால் அவர் பாதியாகச் சுருங்கியதாக நமக்குத் தோன்றுவதில்லை. தூரத்தைக் கணக்கில் எடுத்து, மூளை அவருடைய உண்மையான உயரத்தை மீட்டுத் தருகிறது. இதைப் பருமன் மாறாமை என்று சொல்லலாம். இப்படியே வடிவ மாறாமை உண்டு, வெளிச்ச மாறாமை உண்டு. கடிதம் வாசித்து முடித்தவருக்கு அதில் இருந்த சேதி முழுவதும் மனத்தில் நிற்கும், எழுதியவர் ழகரத்தின் வாலை எப்படிச் சுழித்திருந்தார் என்று கேட்டால் சொல்ல வராது. மூளையும் விழித்திரைப் பிம்பத்தைச் சேதிக்காகவே வாசிக்கிறது. சேதி கிடைத்ததும் பிம்பத்தின் அளவுகளை விட்டுவிடுகிறது. வாழ்க்கைக்கு அதுவே வேண்டும். அலையில் வரும் வள்ளம் எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது ஓட்டிக்குத் தெரிய வேண்டும். அது விழித்திரையில் எத்தனை மில்லிமீற்றர் என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. தட்டையான தாளில் பார்த்ததைப் பார்த்தபடி கீற முயலும் ஒருவருக்கு மட்டுமே, மூளை தேவையில்லையென்று ஒதுக்கிய அந்த அளவு தேவைப்படுகிறது.

வடிவ மாறாமைக்கு ஊர்க் கிணற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. வட்டக் கிணற்றுக்கட்டிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். கட்டின் விளிம்பு உங்கள் கண்மட்டத்திலிருந்து எழுபது சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையிலிருந்து விளிம்பு ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அதன் உயரம் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான், ஏறக்குறைய ஒரு கீற்று. ஆனால் பழகுநரின் தாளில் அது மூன்றில் ஒரு பங்காகவோ பாதியாகவோ வாய் திறந்து நிற்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும் வாயும், தூரத்தில் நிற்பவருக்குத் தெரியும் சுவரும் ஒரே படத்தில் வந்துவிடுவதால், முழுக் கிணறும் பார்ப்பவரை நோக்கிச் சரிந்து நிற்பது போலாகிவிடும். கிளாஸ்கோவில் இருந்த உளவியலாளர் றொபேட் தௌலெஸ் 1931 இல் இதே பிழையை அளந்து காட்டினார். மேசையில் கிடக்கும் வட்டத் தட்டைச் சாய்வாகப் பார்க்கவைத்து, அது எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரிகிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னவர்களின் விடை உண்மை வட்டத்துக்கும் கண்ணில் விழும் நீள்வட்டத்துக்கும் இடையில் விழுந்தது. மூளை முழுப்பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வட்டத்தை நோக்கி விடையைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தது. இழுவை எப்போதும் ஒரே பக்கம், தெரிந்த பொருளின் பக்கம்தான்.

அப்படியானால் தேர்ந்த ஓவியருக்கு இந்த இழுவை இல்லாமற் போய்விட்டதா? இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அந்த முரணிலேயே படிக்க வேண்டியதும் இருக்கிறது. ஓவியர்களிடம் இழுவை குறைவு என்று தௌலெஸ் தம் தொடர்ந்த ஆய்வுகளில் கண்டார். எண்பது ஆண்டு கழித்து, 2011 இல், கிறிஸ் மக்மனஸ் குழுவினர் வடிவ மாறாமைக்கும் கீறும் திறமைக்கும் தொடர்பு தேடி இரண்டு முறை சோதித்தும் தொடர்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஃபுளோறியான் பேர்ட்றோ, பற்றிக் கவனா இருவரும் ஓவியர்களையும் ஓவிய மாணவர்களையும் ஓவியம் தெரியாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பருமனிலும் வெளிச்சத்திலும் எல்லோரையும் போலவே ஓவியர்களும் ஏமாந்தார்கள். ஓவியர் தம் விழித்திரையை நேரடியாகப் பார்க்கிறார் என்ற பழைய நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது. ஓவியரின் கண் பிறவியிலேயே வேறு, அது ஒரு வரம் என்று சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில். ஓவியரின் கண்ணும் நம் கண்தான். அவருடைய படம் மட்டும் சரியாக வருகிறதென்றால், அவர் தம் பார்வைத் தீர்ப்பை அப்படியே ஏற்காமல், குறுக்கே ஓர் அளவுகோலை வைக்கப் பழகியிருக்கிறார் என்பதே பொருத்தமான விளக்கம். எந்த வயதிலும் கற்கக்கூடிய வழக்கம் அது.

அந்த அளவுகோல் கையிலிருக்கும் பென்சிலேதான். நீட்டிய கையில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, அதன் நுனியைப் பனையின் உச்சிக்கு ஒத்தி, பெருவிரல் நகத்தைப் பனையின் அடிக்கு நகர்த்துங்கள். நுனிக்கும் நகத்துக்கும் இடையில் உள்ளதுதான் பனை கண்ணில் அடைக்கும் அளவு. இதே அளவு பக்கத்து வீட்டின் நீளத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணினால் விகிதம் கிடைத்துவிடும், அடிமட்டம் வேண்டாம். முழங்கை நேராக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கை மடங்கினால் பென்சில் கண்ணுக்குக் கிட்ட வந்து, ஒவ்வொரு அளவும் வேறொரு கோலால் அளந்ததாகிவிடும். ஒரு கண்ணை மூடுவதும் அப்படியே. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பென்சில் இரண்டாகத் தெரியும், இரண்டு கண்ணின் பார்வை வேற்றுமையிலிருந்து மூளை தூரத்தை எடுத்துத் தன் திருத்தத்தைத் தொடங்கிவிடும். பென்சிலைத் தூக்குநூல் போல நிமிர்த்திப் பிடித்தால், மதிலின் மூலைக்கு நேர் கீழே எது வருகிறது என்றும் பார்த்துவிடலாம். கருத்து பழையது. இத்தாலியரான அல்பேர்ட்டி 1435 இல் மெல்லிய துணித்திரையில் கட்டம் போட்டு அதனூடாகப் பார்த்துக் கீறச் சொன்னார். 1525 இல் ஜேர்மனியரான டூறர் வெளியிட்ட நூலில் கயிறும் சட்டமும் கொண்ட கருவிகளின் படங்களே உள்ளன. கை வல்லமையில் டூறருக்கு நிகர் சிலரே. அவரே கண்மதிப்பை மட்டும் நம்பவில்லை.

புங்குடுதீவு போன்ற தட்டையான தீவு இந்தப் பயிற்சிக்குக் கிடைத்த நல்ல களம், ஏனென்றால் மலைநாட்டில் மறைந்திருக்கும் அடிவானக் கோடு இங்கே எல்லாத் திசையிலும் வெளிப்படையாக இருக்கிறது. அந்தக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் நிற்கும். நிலமும் தட்டையானால் அதிலிருந்து வியப்பான ஒரு விதி பிறக்கிறது: தீவை வெளியோடு இணைக்கும் வாணர் தாம்போதியில் நிற்பவரின் கண் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால், கிட்ட வருபவரானாலும் தூரத்தில் போகிறவரானாலும், அதே உயரமுள்ள எல்லோரையும் அடிவானம் கண்ணுக்கு நேரேயே வெட்டும். தூரம் கூடக் கூடப் பாதம் மட்டும் மேலே ஏறிக்கொண்டு வரும், தலைகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். ஆளுயர வடலியும் அப்படியே. தூரத்தில் நிற்பவரைத் தாளின் அடிப்பக்கத்தில் சிறிதாகக் கீறிவிட்டு, ஏன் அவர் குள்ளனாகத் தெரிகிறார் என்று திகைப்பவருக்கு இந்த ஒரு விதி போதும். தெருவோரம் ஒரே இடைவெளியில் நட்ட கம்பங்களிலும் இன்னொரு சோதனை உண்டு. முதற் கம்பம் ஓர் இடைவெளி தூரத்தில் இருந்து, படத்தில் 12 சென்ரிமீற்றர் வந்தால், அடுத்தது 6, அதற்கடுத்தது 4, நான்காவது 3. பழகாத கை 12, 10, 8, 6 என்று படிப்படியாகக் குறைக்கும். தூரத்துப் பொருட்களைச் சுருங்க விடாமல் பிடித்து வைக்கும் பருமன் மாறாமையின் கைரேகை அது.

அளவு கிடைத்தபின் அதைத் தாளுக்குக் கொண்டுபோக வேண்டும், இடையில் அது நினைவில் சில விநாடி தங்கியாக வேண்டும். தங்கும் அந்த நேரத்தில் இழுவை மறுபடி வேலை செய்கிறது. கோஹன் 2005 இல் இதை ஆராய்ந்தார். பொருளுக்கும் தாளுக்கும் இடையே அடிக்கடி பார்வையை மாற்றுகிறவர்களின் படங்களே துல்லியம் கூடியவையாக இருந்தன. பார்ப்பதைக் கட்டுப்படுத்தியபோது துல்லியம் குறைந்தது. நீண்ட நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குனிந்து முழுப்பனையையும் ஒரே மூச்சில் கீறுவதைவிட, ஒரு மட்டையின் சாய்வைப் பார்த்து அதை மட்டும் கீறி மறுபடி நிமிர்வது நல்லது. சிறிய துண்டை நினைவு கெடுக்க நேரமில்லை.

வெளிச்சத்துக்கு வரும்போது ஏமாற்றம் இன்னும் ஆழமானது. நண்பகலில், வெயில் படும் ஒரு பனையின் கறுத்த அடிமரத்தையும், அதற்குப் பின்னால் நிழலில் இருக்கும் வெள்ளையடித்த மதிலையும் சேர்த்துப் பாருங்கள். மதில் வெள்ளை, மரம் கறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நேர் வெயிலின் வெளிச்சம் நிழலில் உள்ளதைப் போல் பத்து மடங்கு வரலாம். வெள்ளை மதில் தன்மேல் விழும் ஒளியில் எண்பது வீதத்தைத் திருப்பி அனுப்பினாலும், கறுத்த மரம் பதினைந்து வீதத்தையே அனுப்பினாலும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி மரத்திலிருந்தே அதிகம். தாளில் மதிலைத்தான் கூடக் கருக்க வேண்டும். இதை நம்ப மறுக்கும் மூளைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. காகித மட்டையொன்றில் சிறிய துளைகள் இரண்டு போட்டு, ஒன்றினூடாக மரத்தின் ஒரு பகுதியும் மற்றதினூடாக மதிலின் ஒரு பகுதியும் மட்டும் தெரியும்படி பிடிக்க வேண்டும். சுற்றுப்புறம் மறைந்ததும் எது மரம், எது மதில் என்ற அறிவு போய்விடும், இரண்டு வெளிச்சத் துண்டுகள் மட்டும் மிஞ்சும். ஜேர்மன் உளவியலாளர் டேவிட் காற்ஸ் 1911 இலேயே இப்படியான மறைப்புகளைக் கொண்டுதான் வெளிச்ச மாறாமையை ஆராய்ந்தார். 1995 இல் எட்வேர்ட் அடெல்சன் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தில் நிழலிலுள்ள வெள்ளைக் கட்டமும் வெளியிலுள்ள கறுப்புக் கட்டமும் துல்லியமாக ஒரே சாம்பல் நிறம். தெரிந்துகொண்ட பின்பும் கண் ஒத்துக்கொள்ளாது. ஓவியர்கள் கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். நுணுக்கங்கள் மங்கி, பொருளை அடையாளம் காட்டும் தடயங்கள் குறைந்து, வெளிச்சப் பரப்புகள் மட்டும் தனித்துத் தெரியும்.

இதில் பென்சிலும் தன் எல்லையை விதிக்கிறது. வெறும் தாளின் வெண்மைக்கும் காரீயத்தின் ஆகக் கடுங்கறுப்புக்கும் இடையில் உள்ள வேறுபாடு பத்து இருபது மடங்கைச் சுற்றியே நிற்கும், ஆனால் கடலில் தெறிக்கும் வெயிலுக்கும் பனங்கூடலின் உள் நிழலுக்கும் இடையிலுள்ளதோ ஆயிரத்தையும் தாண்டும். காரீயம் என்பது தூய காபன். தட்டுத்தட்டாக அடுக்கிய அதன் படைகள் எளிதாக வழுக்கித் தாளின் சொரசொரப்பில் ஒட்டுகின்றன. அதே படைகள் மட்டமாகப் படிந்து ஒளியைத் தெறிக்கவிடுவதால், அழுத்த அழுத்தக் கறுப்பு ஏறாமல் மினுக்கம்தான் ஏறும். 1795 இல் பிரெஞ்சுக்காரரான கொன்ரே காரீயத்தூளோடு களிமண் குழைத்துச் சுடும் முறையைக் கண்டபின், களியின் பங்கைக் கூட்டிக் குறைத்து, கடினமான எச் வகை முதல் மென்மையான 6பி வரை செய்ய முடிந்தது. எச்பி ஒன்றையே வைத்துக்கொண்டு கறுப்புக்காகத் தாளை அமுக்கிக் கிழிப்பதைவிட 4பி ஒன்றைச் சேர்ப்பது பயன். அப்போதும் இயற்கையின் வெளிச்சத்தை அப்படியே பிரதி செய்ய முடியாது; எது எதைவிட இருண்டது என்ற வரிசையைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் முதலில் காட்சியின் ஆக வெளிச்சமான இடத்தையும் ஆக இருண்ட இடத்தையும் தேடிக் குறித்துவிட்டு, மற்றவற்றை நடுவில் அமர்த்துவது அறிவார்ந்த முறை.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்துக் கீறினால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லையே என்று கேட்கலாம். பாதி சரி, முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கமரா செய்து கொடுத்துவிடும். ஆனால் படத்தில் இருப்பதையும் மூளை பனையென்றும் கிணறென்றும்தான் வாசிக்கிறது, இழுவை அங்கேயும் தொடர்கிறது. கோஹனும் பெனற்றும் கீறக் கொடுத்தவையும் நிழற்படங்களே. படத்தைத் தலைகீழாக வைத்துக் கீறும் பயிற்சியை 1979 இல் வெளிவந்த தம் நூலால் பெற்றி எட்வேட்ஸ் உலகெங்கும் பரப்பினார். பொருளை அடையாளம் காண்பதைத் தாமதப்படுத்துவது நல்ல உத்தி. வலது மூளை, இடது மூளை என்று அவர் கொடுத்த விளக்கம் மட்டும் இன்றைய நரம்பியலில் நிற்காது.

கனமான மறுப்பு வேறொரு திசையிலிருந்து வருகிறது, அதைச் சொன்னவர் இந்தக் காரீயத்தையே ஆராய்ந்தவர். தந்தை வழியில் யாழ்ப்பாணத் தமிழரான ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றுக்கு வருமுன் நிலவியலாளர். 1900 இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழில் எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைக்குத் தலைமை வகித்தார். கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நாளம் நாளமாகக் கிடைக்கும் இந்நாட்டுக் காரீயம் அதன் தூய்மைக்கு உலகறிந்தது. குமாரசுவாமியே பின்னாளில், கண்ணில் படும் தோற்றத்தைப் பிரதி செய்வது இந்தியக் கலையின் நோக்கமல்ல, கலைஞன் மனத்தில் தியானித்த உருவிலிருந்தே தொடங்குகிறான் என்று விடாமல் வாதிட்டார். அப்படியிருக்க விழித்திரை அளவைத் துரத்துவது இரவல் இலட்சியமல்லவா?

எதைக் கீறுவது என்ற கேள்விக்கு அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். கோபுரத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒருவர் விரும்பினால் எந்த ஆய்வும் அதைப் பிழையென்று சொல்லாது. ஆனால் அந்த மரபும் கண்மதிப்பை நம்பி நடக்கவில்லை. ஸ்தபதி திருவுருவத்தைத் தாலமானப்படி அளக்கிறார். முகத்தின் நீளம் ஒரு தாலம், சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலப் பகுப்பு, பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். மனத்திலுள்ள உருவைச் செய்பவரும் எதிரே நிற்பவரைக் கீறுபவரும் முகத்தையோ தலையையோ அலகாகக் கொண்டு உடம்பை எண்ணுகிறார்கள். நிற்கும் பெரியவரின் உயரம் பொதுவாக ஏழரைத் தலை. முகத்தில் கவனம் குவிவதால் பழகுநர் தலையைப் பெருக்கி, ஐந்து தலை உயரத்திலேயே ஆளை முடித்துவிடுவது வழக்கம். நீட்டிய பென்சிலில் தலையை அளந்து, நகத்தை ஒவ்வொரு தலையாகக் கீழே இறக்கி எண்ணினால் அந்தப் பிழை முதற் படத்திலேயே பிடிபடும்.